மேடிசன் ஆற்றில் செல்போனுக்கு என்ன வேலை?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பிறக்கிறது மேடிசன் ஆறு. வெந்நீர் ஊற்றுகளின் நீரும் கலந்து ஓடுவதால், குளிர்காலையில் ஃபயர்ஹோலின் மேல் ஆவி பறக்கும். மேடிசன் அங்கிருந்து மொன்டானா மாநிலத்துக்குள் நுழைந்து, ஹெப்கன் அணையைத் தாண்டி, என்னிஸ் என்ற சிற்றூரைத் தொட்டு ஓடுகிறது. ட்ரௌட் மீனுக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். நம் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே ட்ரௌட்தான்.

மண்புழு, தக்கை எதுவும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை, நீண்ட கயிற்றோடு சாட்டை போல வீசித் தண்ணீர்மேல் மெல்ல உட்கார வைக்க வேண்டும். இதுதான் ஃப்ளை ஃபிஷிங்.

இவ்வளவு அமைதியான காரியத்துக்குச் செல்போன் எதற்கு? ஆற்றில் இறங்கலாமா என்று பார்க்கத்தான். மேட்டூருக்கு வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று நாம் செய்தியில் கேட்பதுபோல, மேடிசனின் கன அடிக் கணக்கை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2021 நவம்பர் 30 அதிகாலை ஹெப்கன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து, ஆற்றில் நீர்வரத்து சட்டென்று சரிந்தது. கிளை ஓடைகளில் மீன்கள் தரைதட்டித் துடித்தன. செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் வாளியோடு ஓடிவந்து அள்ளி அள்ளி ஆற்றில் விட்டார்கள்.

தண்ணீரின் சூட்டையும் பார்க்க வேண்டும். கோடையில் தொடர்ந்து மூன்று நாட்கள் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை வரலாம். சூடான நீரில் பிராணவாயு குறைவு. பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம்.

அடுத்தது வரைபடம். மொன்டானா சட்டப்படி ஆறு எல்லோருக்கும் பொது. கரையை ஒட்டிய வயல் தனியாருடையது. பாலத்தருகே இறங்கி ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம், வேலி தாண்டினால் வம்பு. எந்த நிலம் யாருடையது என்று காட்டும் ஆன்எக்ஸ் செயலி இங்கே பலரிடமும் உண்டு. அறையிலிருக்கும்போதே வரைபடத்தைத் தரவிறக்கிக்கொள்வது முக்கியம். ஏனென்றால் அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. 1959 ஆகஸ்ட் 17 இரவு நிலநடுக்கத்தில் மலையே சரிந்து ஆற்றை மறித்து, 28 பேர் இறந்த இடம் அது. அன்று உருவான ஏரி இன்றும் இருக்கிறது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

சரி, எந்தப் போன்? ஐபி68 முத்திரை இருந்தால் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்பார்கள். அந்தச் சோதனை ஆய்வகத்தின் அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. பாறையில் மோதி இழுத்துக்கொண்டு போகும் ஆற்றில் அல்ல. மெகா பிக்சலைவிட இங்கே உதவுவது, கையுறையோடும் வேலை செய்யும் திரை, அழுத்தினால் தெரியும் பொத்தான், கழற்றி மாற்றும் பேட்டரி. சாம்சங் எக்ஸ்கவர் வரிசை இதற்காகவே விற்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைப்பது நல்லது. 2022-லிருந்து ஐபோன் 14-ம் அதற்குப் பின் வந்தவையும் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும். கரடிகள் உலவும் காட்டில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் தலைக்குமேல் வானம் திறந்திருக்க வேண்டும்.

எந்தப் போன் வாங்கினாலும் பத்து டாலர் மிதவைக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் நம் வீட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்ப் பாழாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. இன்னொன்று, மொன்டானா உரிமம் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் செல்லாது. அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். காகிதத்திலும் ஒரு பிரதி சட்டைப்பையில் இருக்கட்டும்.