முகாமுக்கு எவ்வளவு பெரிய கத்தி வேண்டும்?



உங்களில் பலர் லீவு கிடைத்தால் பைக்கில் கிளம்பி டென்ட் போட்டுத் தங்குகிறீர்கள். போட்டோக்களைப் பார்க்கிறேன், சந்தோஷம். ஆனால் சிலர் இடுப்பில் முழ நீளக் கத்தி தொங்குகிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் தானே ஒரு சின்னக் கத்தி செய்திருக்கிறான். மடக்குக் கத்தி அல்ல. அலகு மூன்றரை அங்குலம். அதே இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறது. விற்பனைக்குச் செய்யும் யோசனை இருக்கிறதாம். "ஒரு மாசம் வச்சுப் பாத்து மார்க் போடுங்க சார்" என்று கொடுத்தான்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவினர் மாந்தோப்பில் பேரன்களோடு இரண்டு இரவு தங்கினோம். தேங்காய் நார்க் கயிற்றை நாற்பது துண்டு போட்டேன். அதன் பிறகும் செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தது. அடுப்புக்குக் குச்சியைச் சுருள் சுருளாகச் சீவியது. கட்டைவிரல் தடிமன் விறகின் மேல் அலகை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் பிளக்கிறது. தக்காளி, வெங்காயம், மாங்காய் எல்லாம் ஆயிற்று. இளநீர் மட்டும் வெட்ட முடியாது, அதற்குக் கொடுவாள்தான்.

மாங்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அலகு கறுத்துவிடும். கார்பன் உள்ள இரும்பின் குணம் அது. கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

கூர் நிற்பதற்குக் காரணம் தோய்ச்சல். இரும்பைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி போல உடையும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால்தான் கடினத்தோடு உறுதியும் வரும். இதைப் பையன் சரியாகச் செய்திருக்கிறான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்த மண்ணில் பிறந்தவன் அல்லவா!

இப்போது பெரிய கத்தி விஷயம். 2016 ஆயுத விதிகளின் ஆயுதப் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. சின்னதே ஆனாலும் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் திரியாதீர்கள், பைக்குள் வையுங்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போலீஸ் நிறுத்தினால் "கத்தி" என்று சொல்லி வைக்காதீர்கள், கன்னடத்தில் அதற்கு வாள் என்று பொருள்! காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. தளி, அஞ்செட்டிப் பக்கத்து யானைக்கு முன்னால் எந்த நீளக் கத்தியும் உதவாது.

சரி, மார்க்.

அலகு: 50-க்கு 46.
பிடி: 25-க்கு 20. ஈரக் கையில் கொஞ்சம் வழுக்குகிறது.
உறை: 25-க்கு 7.

உறை தொளதொளவென்று இருக்கிறது. வரப்பு ஏறும்போது என் இடுப்பிலிருந்து கத்தி நழுவிக் கீழே விழுந்தது. பின்னால் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தவன் ஒன்பது வயதுப் பேரன். ஓரடி தள்ளி விழுந்ததால் தப்பித்தோம். கூர் நன்றாக இருக்க இருக்க உறையும் இறுக்கமாக இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. நீங்கள் எந்தக் கத்தி வாங்கினாலும் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்.

மொத்தம் 73. ஆனால் ஒரு பாடத்தில் தவறினாலும் தேர்ச்சி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தம்பி, உறையை மாற்றிக்கொண்டு வா, மறுதேர்வு வைக்கிறேன். அதுவரை ஒன்றுகூட விற்காதே. மற்றவர்கள் அவன் நம்பர் கேட்டு எனக்கு இப்போதே போன் செய்ய வேண்டாம்.

வாழ்க வளமுடன்.