பேரிங் சத்தம்

பாகான் நக்கோடா ஓமார்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. கிள்ளானில் கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாய் என்று உன் அம்மா போனில் ஒரே அழுகை. "எவ்வளவு பணம் கட்டியும் மண்டையில் ஏறலையே, அண்ணே" என்றாள்.

மண்டையில் ஏறாதவளா நீ? போன தீபாவளிக்கு வந்தபோது, நான் தூக்கிப்போட இருந்த புல்வெட்டும் மெஷினைப் பிரித்து உட்கார்ந்தாய். கார்பரேட்டரைக் கழற்றி, பழைய பல்துலக்கியைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து, ஜெட் துளையை விளக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். அத்தை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டதுகூட உன் காதில் விழவில்லை.

நீ "கையால் கற்கும் ரகம்" என்று போனில் ஏதோ டெஸ்ட் சொன்னதாமே. அத்தை டீச்சர் அல்லவா, கேட்டுச் சிரித்தாள். 2008இல் அமெரிக்க உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு சிலரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, ரகம் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்களாம். அதனால் அந்த முத்திரையை விடு. எந்த வேலையில் பசி மறந்தாய் என்று மட்டும் பார்.

செம்பனை ஆலையில் நான் சேர்ந்த புதிதில், ஒரு பழைய ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்கச் சொன்னார். முதல் மாதம் வெறும் இரைச்சல். ஆறாம் மாதம், தேயத் தொடங்கிய பேரிங்கின் கரகரப்பு தனியாகக் கேட்டது. அதற்கப்புறம்தான் மேனுவலைக் கையில் கொடுத்தார். அன்று படித்தது இன்றும் மறக்கவில்லை.

அப்படிக் கற்க இப்போது முறையான வழியே இருக்கிறது. ஜெர்மன் முறையைப் பார்த்து 2005இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மிச்சம் வகுப்பில். முடித்தால் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ், அதில் மூன்றாம் நிலையைத் தாண்டினால் டிப்ளோமா. பக்கத்தில் சுங்கை ஆயர் தாவாரில் போலிடெக்னிக்கும் இருக்கிறது. இரண்டையும் போய் விசாரிப்போம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுத்து வேலைக்குப் பயந்து இந்தப் பக்கம் வராதே. அனுபவத்தைப் பார்த்தே எஸ்.கே.எம். தரும் பி.பி.டி. முறையில் நான் விண்ணப்பித்தபோது, செய்த வேலையையெல்லாம் எழுதிக் கோப்பாக்கித் தரவேண்டியிருந்தது. ஸ்பேனர் பிடித்த கை மூன்று மாதம் பேனாவோடு மல்லுக்கட்டியது. அந்த விஷயத்தில் நீ என்னைவிடத் தேவலை. படித்த கணக்கும் வீண்போகாது.

சனிக்கிழமை பஸ் ஏறி வா. படகுத்துறையில் தெரிந்தவரின் படகு எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது. நான் இன்னும் கை வைக்கவில்லை. நீ வந்து பார்ப்பாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா