மூச்சு வாங்கும் ஊரில் ஒரு துளி ரத்தம்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. பொலிவியாவின் எல் ஆல்டோ, கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 60 சதவீதமே நெஞ்சுக்குள் போகிறது. நெஞ்சு படபடக்க நான் நின்றிருக்க, வட்டத் தொப்பியும் கொசுவப் பாவாடையுமாக ஒரு ஐமாரா பழங்குடிப் பாட்டி, முதுகில் மூட்டையோடு மேட்டில் விறுவிறுவென்று ஏறிப் போனார்.

அங்கிருந்து லா பாஸ் நகருக்குள் இறங்க ரோப்கார் இருக்கிறது. 2014 முதல் ஓடுகிறது. காலடியில் செங்கல் வீடுகள் சரிவெல்லாம் அடுக்கி நிற்க, எதிரே 6,400 மீட்டர் உயர இல்லிமானி பனிமலை. கண்ணுக்கு விருந்து, தலைக்கு வலி. இந்த மலைநோயை ‘சொரோச்சே’ என்கிறார்கள். விடுதியில் கோகா இலைத் தேநீர் தந்து, படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

படுத்தபடி யோசித்தால், அந்த ஊரே ஒரு செல்லின் பெருமையைப் பேசுவதாகத் தோன்றியது: ரத்தச் சிவப்பணு. நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குப் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. சுற்றிலும் மெல்லிய சவ்வு, உள்ளே சைட்டோபிளாசம், கட்டளைகளைக் காக்கும் உட்கரு, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஓயாமல் துடிக்கும் இதயத்தசைச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும். சிவப்பணுவோ எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. காலியான இடமெல்லாம் ஆக்சிஜனைப் பற்றிச் சுமக்கும் ஹீமோகுளோபின். ஒரு செல்லில் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். ஆக்சிஜனைச் செலவழிக்கும் மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கும் சரக்கில் கைவைக்காத கூலியாள் அது.

வடிவமும் வேலைக்கேற்றதே. துளை போட மறந்த மெதுவடையைப் போல நடுவில் குழிந்த வட்டம். அதனால் பரப்பு கூடுகிறது, வாயு சட்டென்று உள்ளே நுழைந்து வெளியேறுகிறது. ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம் இருந்தும், தன்னைவிடக் குறுகிய நுண்குழாயில் மடங்கி நுழைந்துவிடும். இத்தனைக்கும் விலை உண்டு. உட்கரு இல்லாத செல்லால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. சுமார் 120 நாளில் ஆயுள் முடிகிறது.

மலையில் உடல் என்ன செய்கிறது என்பதை 1890ல் பெருவின் மொரோகோச்சா சுரங்க ஊருக்குப் போன பிரெஞ்சு மருத்துவர் வியோ கண்டார். அவருடைய ரத்தத்திலேயே சிவப்பணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் கணிசமாகக் கூடியிருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மஜ்ஜை உற்பத்தியைக் கூட்டுகிறது. அதற்கும் அளவு உண்டு. சிவப்பணுக்கள் மிதமிஞ்சினால் ரத்தம் கெட்டியாகி இதயம் திணறும். இந்த நோயை 1920களில் விவரித்தவர் பெருவின் மருத்துவர் கார்லோஸ் மோங்கே.

ஊருக்கு வெளியே புல்வெளியில் மேய்ந்த லாமாக்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவற்றின் சிவப்பணுக்கள் சிறியவை, நீள்வட்டமானவை. அவற்றின் ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை இறுகப் பற்றும். பாலூட்டிகளில், லாமாவும் சேர்ந்த ஒட்டகக் குடும்பத்துக்கே உரியது அந்த நீள்வட்டம்.

லா பாஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில நாள் உங்களைக் காப்பவை வேகமான மூச்சும் படபடக்கும் இதயமும்தான். மஜ்ஜையில் புதிய சிவப்பணு உருவாகி வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை படியேறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மெதுவாக நடங்கள்.