பார்ப்பதற்கும் கூலி உண்டு

"வண்டிய அணைக்காண்டாம் சார், ஓடட்டு" என்றார் மேஸ்திரி. திங்கள்நகரிலிருந்து ஓடிவந்த பழைய ஐ10 ஆட்டோமேட்டிக். பானட்டைத் தூக்கி நிறுத்திய பிறகும் அவர் கியர்பெட்டி ஆயிலின் அளவு காட்டும் கேஜைத் தொடவில்லை. ஸ்டியரிங் முன்னால் இருந்த பையனிடம், "பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு லிவர பைய நீக்கு மக்கா" என்றார். பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நிறுத்திவிட்டு, பையன் மறுபடி பார்க்குக்கு வந்தான்.

இந்த ஒர்க் ஷாப் இருக்கும் மணவாளக்குறிச்சியை வெளியுலகம் அறிந்தது கருமணலால். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் இந்தக் கரையின் மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். ஐ.ஆர்.இ.எல். ஆலை இன்றும் இங்கே இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் இந்தச் சிறிய ஒர்க் ஷாப்புக்கு வேலை வருவது பெரும்பாலும் வளைகுடா வழியாக. அங்கே ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்கள் ஊருக்குத் திரும்பினாலும் கிளட்ச் மிதிக்காத வண்டியையே விரும்புகிறார்கள். கியர்பெட்டி ஆயிலையும் எஞ்சின் ஆயில் மாதிரியே, காலையில் குளிர்ந்து கிடக்கும் வண்டியில் பார்த்துவிட்டுக் குறைவாக இருக்கிறதென்று ஊற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு.

இந்த ஆயில் சூடானால் விரியும். குளிர்ந்தபோது குறைவாகக் காட்டும் வண்டி, ஓடிச் சூடேறியதும் சரியான அளவுக்கு வந்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டாலோ, பம்ப் மேலே ஏற்றிவைத்த ஆயிலில் ஒரு பகுதி அடித்தொட்டிக்கு வடிந்து, மட்டம் கூடுதலாகத் தெரியும். லிவரை ஒவ்வோர் இடத்துக்கும் நகர்த்துவது, உள்ளேயிருக்கும் கிளட்ச்சுகளுக்குப் போகும் பாதைகள் எல்லாம் நிரம்புவதற்காக. தரை சரிந்திருந்தால் இத்தனையும் வீண். ஒர்க் ஷாப்பில் ஓரிடத்தை மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தளம் போட்டிருக்கிறார்கள்; அளவு பார்க்கும் வண்டி அங்கேதான் நிற்கும்.

மேஸ்திரி கேஜை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி உருவினார். மற்ற வேலைகளுக்கு உதவும் வேஸ்ட் நூலை இந்தப் பக்கமே கொண்டுவர விடமாட்டார். ஒரு நூலிழை உள்ளே போய் வால்வில் சிக்கினால் கியர் மாறுவது தடுமாறும். சூடான வண்டிக்குரிய இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நின்றது. கேஜின் நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டு, நிறம் பார்த்தார், முகர்ந்தார். புது ஆயில் நல்ல சிவப்பு. கருத்துக் கருகல் வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பால் கலந்தாற்போலிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 2021 நவம்பரில் குமரி மாவட்டமே மழையில் மூழ்கியபோது நின்றுபோன வண்டிகளைப் பற்றிச் சொன்னார்: "கேஜ இழுத்தா ரோஸ் பாலாட்டம் இருக்கும். வெள்ளம் கேறியாச்சுன்னு அப்பமே தெரியும்."

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கிக் கருகும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலை மோர்போலக் கடைந்து நுரையாக்கும். நுரையால் அழுத்தம் தர முடியாது, மறுபடியும் கிளட்ச்தான் வழுக்கும்.

எந்த ஆயில் என்பதும் அவ்வளவே முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலுக்காக ஹைட்ராமேட்டிக் பெட்டியை வெளியிட்டது. பெருமளவில் உற்பத்தியான முதல் ஆட்டோமேட்டிக் அதுதான். அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளின் ஆயிலில் 1970களின் தொடக்கம்வரை எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்ந்திருந்தது. உலோகம் தேயாமல் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டு மட்டும் அளவாகப் பற்ற வேண்டும் என்ற இரண்டையும் சமன்செய்ய அது உதவியது. இன்று அந்த வேலையை ரசாயனக் கலவைகள் செய்கின்றன. பெட்டிக்குப் பெட்டி கலவை மாறுகிறது. அதனால்தான் சிவப்பாக இருக்கிறதே என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

வண்டி வந்ததும் மேஸ்திரி முதலில் கேட்பது அது எந்த வகை என்றுதான். ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் வண்டியைச் சூடாக்கி அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். 2014இல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளில் இருப்பது சாதாரண கியர்பெட்டிதான். இயந்திரக் கை அதை மாற்றுகிறது. அங்கே இந்தச் சோதனைக்கே இடமில்லை. பல புதிய வண்டிகளில் கேஜே கிடையாது. லிஃப்டில் சமமாகத் தூக்கி, ஸ்கேனரில் ஆயிலின் வெப்பம் பார்த்து, கையேடு சொல்லும் சூட்டில் அளவு பார்க்கும் கீழ் நட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி.

அன்று அந்த ஐ10க்கு ஆயில் ஊற்றவில்லை, எந்தப் பாகமும் மாற்றவில்லை. "சும்மா பாத்ததுதானே" என்று வண்டிக்காரர் கிளம்பிவிட்டார். மேஸ்திரியும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அரை மணி நேரம், ஒரு பையனின் உழைப்பு, பல வருட அனுபவம் எல்லாம் சேர்ந்துதான் 'சரியா இருக்கு' என்ற பதில் வருகிறது. மாற்றிய பாகத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் பழக்கம், தேவையில்லாமல் பாகம் மாற்றுபவரைத்தான் வாழவைக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நேர்மையாகச் சொல்லும் கைக்கு நாம் கூலி கொடுக்கப் பழக வேண்டும். அந்தப் பையன் இந்தத் தொழிலில் நிலைப்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.