பெரியம்மிச்சியின் கிணத்துத் தடம்

பெரியம்மிச்சிக்கு என்ன வயசு என்று வீட்டில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கேட்டால், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப்ப எனக்கு ஆடு மேய்க்கற வயசு" என்பாள். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924இல் கேரளத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அது. அப்போது எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவின் ஆளுகையில் இருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956இல் கேரளம் ஆனது. பெருமாட்டியில் அதே ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே எல்லா அரசாங்கத்தையும் பார்த்துவிட்டாள்.

அம்மாவுடைய அம்மிச்சி, அதாவது பாட்டி, என்பதால் எங்களுக்குப் பெரியம்மிச்சி. எங்களைக் கேட்டு ஊரும் அப்படியே கூப்பிட்டது.

எங்கள் பக்கம் வீட்டுப் பேச்சு தமிழ், சர்க்கார் காகிதம் மலையாளம். பென்ஷன் தாளோ ரேஷன் கடை நோட்டீஸோ வந்தால், மலையாளம் படிக்கத் தெரியாத கிழவர்கள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியதுமே பெரியம்மிச்சி என்னை அந்த வேலையில் உட்கார்த்திவிட்டாள். விளையாடப் போகணும் என்று சிணுங்கினால், "நாலு வரி படிச்சா உன்ற பந்து என்ன ஓடியா போயிரும்?" என்பாள். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆனாலும் நான் படிக்கப் படிக்கத் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடித்துவிட்டு எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். "அடியில பொடி எழுத்துல என்னமோ இருக்குதே, அதையும் படி கண்ணு." பெரும்பாலும் கடைசித் தேதி அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் அதில் இரண்டு கயிறு, இரண்டு வாளி. ஒன்று வீட்டாருக்கு. இன்னொன்றை எடுத்து, வேலைக்கு வரும் எரவாளர் ஆதிவாசிகளுக்கு யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். அவர்கள் கிணற்றடிக்கு வரக்கூடாது. மாமியார் போன பிறகு ஒரு நாள் பெரியம்மிச்சி இரண்டாவது கயிற்றை அவிழ்த்துக் கன்றுக்குட்டிக்குக் கட்டிவிட்டாள். இருக்கிற ஒரு கயிற்றில் யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளட்டும் என்றாள். பங்காளிகள் சில வருஷம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை என்று அம்மா சொல்வாள். பெரியம்மிச்சி அதற்கெல்லாம் வாதாடவில்லை. "எறைச்ச கெணறு ஊறும், எறைக்காத கெணறு நாறும்" என்று மட்டும் சொல்வாளாம்.

அந்தப் பழமொழியை அவளே திருத்தியதை நான் பார்த்தேன். எங்கள் பஞ்சாயத்திலேயே பிளாச்சிமடையில் 2000இல் கோக கோலா ஆலை வந்தது. கிணறுகள் கெட்டுப்போயின என்று அக்கம்பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புகளில் பேச்சு எழுந்தது. 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் பெண். எங்கள் கிணற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெரியம்மிச்சி வேகவைத்த கடலைக்காயை ஒரு துணியில் முடிந்துகொண்டு, என்னைக் கைத்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனாள். வடிச்ச சோறு சாயங்காலத்துக்குள் கெட்டுவிடுகிறது, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று அங்கிருந்த பெண்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "கையில எறைச்சாத்தான் ஊறும். மிசின வெச்சு உறிஞ்சுனா எங்கிருந்து ஊறும்?"

2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் காவலாளிதான் என்று அந்த டிசம்பரில் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். பேப்பர் செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொடி எழுத்து வரைக்கும் படிக்கச் சொன்னாள்.

அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை. ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிறவர், கிணறு நான்கு பங்குக்கும் பொது என்று எழுதி வாசித்தார். "ஊருக்கும்னு போடுங்க" என்றாள் பெரியம்மிச்சி. ஊரென்று பொதுவாக எழுத முடியாது, பேர் வேண்டும் என்றார் அவர். அவ்வளவுதான், எரவாளர் காலனியின் முதல் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "ஜட்ஜே சொல்லிட்டாரு, நீங்க எழுத மாட்டீங்களா?" கடைசியில் அவர் கிணற்றுக்குப் போகும் தடத்தை யாரும் அடைக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்து அவளைச் சமாதானம் செய்தார்.

2005இல் உயர் நீதிமன்றத்தின் மேல் அமர்வு நிலத்தடி நீர்த் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 2004 மார்ச்சில் மூடிய ஆலை திறக்கவேயில்லை. பெரியம்மிச்சியும் போய்விட்டாள். அவள் எழுத வைத்த வரி மட்டும் ஆதாரத்தில் அப்படியே இருக்கிறது. அதனால் எங்கள் காம்பவுண்டுச் சுவர் கிணற்றுப் பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இன்றும் விட்டுத்தான் கட்டியிருக்கிறது.