நெஞ்சிலிருந்து போத்தலுக்கு

கனடாவின் லொங்குய்ய் நகரத்து வீடுகளுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களில் பல 'கோர்டியால்மோன்' என்று முடிகின்றன. 'அன்புடன்' என்பதற்கு நெருக்கமான, சற்றே முறைசார்ந்த சொல் அது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் அதன் உறவுச் சொல்லை ஊரிலேயே போத்தலில் கண்டவர்கள்: நெல்லி கோர்டியல், பாஷன் பழக் கோர்டியல். வெயிலில் வந்த விருந்தினருக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி நீட்டுவது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். இடைக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் இதயத்துக்குத் தெம்பூட்டக் கொடுத்த மருந்துப் பானம் கோர்டியல் எனப்பட்டது. நெஞ்சிலிருந்து வரும் பரிவுக்கும் அதே சொல் பொருந்தியது. தமிழின் 'நெஞ்சார்ந்த' என்பதும் இதே அழகுடையது.

காலப்போக்கில் மருந்து இனிப்பானது. 1867இல் ஸ்காட்லாந்தின் லோக்லன் ரோஸ், தேசிக்காய்ச் சாற்றை மது சேர்க்காமல் சர்க்கரையால் கெடாது காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இலங்கைப் போத்தல் இந்த மதுவற்ற மரபைச் சேர்ந்தது. வட அமெரிக்க ஆங்கிலத்திலோ கோர்டியல் என்றால் பெரும்பாலும் இனிப்பு மதுதான்.

ஆகவே லொங்குய்ய் கடைகளில் ஊர்ப் பானத்தைப் போன்ற ஒன்றைத் தேடுவோர் பிரெஞ்சில் 'சிரோ' என்று கேட்கலாம்.