பட்டாவில் அடங்காத நிலம்

பன்னிரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று நான் பதிவுசெய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் ஒரே வன்தட்டில் இருந்தன. பாடிய மூதாட்டியரில் பலர் இன்று உயிருடன் இல்லை. பழைய நாடாக்களோ பூஞ்சை படிந்து வீணாகிவிட்டன. எனவே அந்த 4 டெராபைட் தட்டே என் களஞ்சியம்.

சென்ற கோடை விடுமுறையில் அது நிறைந்துவிட்டதாகக் கணினி அறிவித்தது. கணக்குப்படி பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும். தட்டு மேலாண்மைக் கருவியைத் திறந்தேன். 2048 கிகாபைட் ஒரு பகுதியாக இருந்தது; மீதி 1678 கிகாபைட் கறுப்புப் பட்டையின் கீழ் உரிமையாளரின்றிக் கிடந்தது. அங்கே புதுப்பகுதி அமைக்கும் கட்டளை மங்கிப்போயிருந்தது. தட்டு பழுதென்றே அஞ்சினேன்.

கணினியியல் துறையில் பயிலும் மாணவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். "தட்டில் குறையில்லை ஐயா; நிலம் இருக்கிறது, பட்டாவில் எழுத இடமில்லை" என்றார்.

அவர் விளக்கியது இது. எம்பிஆர் எனப்படும் பகுப்புப் பட்டியல் 1983-இல் வந்தது. தட்டின் முதல் 512 பைட்டுகளில், 446 கணினியைத் தொடக்கும் நிரலுக்கு, 2 முத்திரைக்கு. எஞ்சிய 64 பைட்டுகளே பட்டியல். ஒரு பகுதிக்குப் 16 பைட்டு வீதம் நான்கே பதிவுகள். ஒவ்வொன்றிலும் பகுதியின் தொடக்கமும் அளவும் 32 இருமங்களில் எழுதப்படுகின்றன. அவ்வெண் 429 கோடியைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். துண்டுக்கு 512 பைட்டு எனப் பெருக்கினால் 2048 கிகாபைட். 10 மெகாபைட் தட்டுகள் வந்த காலத்தில் அது கடலளவு. வகுத்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

தட்டை முதன்முதலில் இணைத்த நாளில் எம்பிஆரா, ஜிபிடியா எனக் கணினி என்னைக் கேட்டது. பொருள் அறியாமல், முதலில் இருந்ததைத் தேர்ந்தேன். பிழை என்னுடையதே.

ஜிபிடி முறையில் முகவரிகள் 64 இருமங்கள். வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடமுண்டு. ஆனால் விண்டோஸின் மேலாண்மைக் கருவி, பகுதிகளையெல்லாம் அழித்த பின்னரே மாற்றித் தரும். "அழிக்கவா?" என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா. வேறு தட்டுக்கு நகலெடுத்தபின் இதை அழித்தாலும், அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது மறுபடியும் ஒரே பிரதிதான்" என்றார்.

இரவல் தட்டொன்றில் நகலெடுக்க ஓர் இரவும் மறுநாட் பகலும் ஆயின. கோப்புகள் சிலவற்றைத் திறந்து கேட்டுப் பார்த்தோம். பிறகு லினக்ஸில் ஜிடிஸ்க் என்னும் கருவியால் பட்டியலை மட்டும் மாற்றினார். தரவு இருந்த இடத்திலேயே இருந்தது. எழுதச் சொல்லும் கடைசி எழுத்தை அவர் விரல் தட்டியபோது நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது கறுப்புப் பட்டை புதுப்பகுதியை ஏற்க ஆயத்தமாக இருந்தது. முதற்கோப்பைச் சொடுக்கினேன். பேரனை உறங்கவைக்கும் ஒரு பாட்டியின் குரல் அறையை நிறைத்தது.

இழப்பும் ஒன்றுண்டு. துறையிலுள்ள பழைய 32 இரும எக்ஸ்பி கணினியில் இத்தட்டு இனித் திறக்காது. வெற்றுத்தட்டென்று எண்ணிப் பழைய கருவிகள் மேலெழுதிவிடாதிருக்க, முதல் துண்டில் காவலாக ஒரு பழைய பட்டியலையும் ஜிபிடி வைத்திருக்கிறது.

அவர் சொன்னவற்றுள் என் நெஞ்சில் தைத்தது வேறு. ஜிபிடி தன் பட்டியலின் இரண்டாம் படியைத் தட்டின் கடைசியில் எழுதிவைக்கிறதாம். சுவடியைப் படியெடுத்துப் படியெடுத்தே நம் இலக்கியம் பிழைத்தது என்று ஆண்டுதோறும் வகுப்பில் முழங்குகிறவன் நான். அந்த மூதாட்டியர் நம்பிக் கொடுத்த பாடல்களுக்கோ ஒரே ஒரு படிதான் வைத்திருந்தேன்.

இரவல் தட்டைத் திருப்பித் தருமுன் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டாம் படி இப்போது வேறோர் ஊரில், தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது.